கைய உட்டுட்டா

ஸ்டெல்லா போனில் பேசியது மொத்தமே மூன்று வாக்கியம்தான். “ஆன்ட்டி, சிந்து கைய உட்டுட்டா ஆன்ட்டி. எல்லாம் கத்திக்கினு கீறாங்க. அவளால பேசக்கூட முடியல, நான் அப்பறமா...” அதோடு இணைப்பு அறுந்தது. பின்னால் நிறையப் பேர் கத்திய சத்தம் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

சிந்து என் ஒரே மகள். டிப்ளமோ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போனவள். இரும்புத் தகட்டில் வண்டி பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் டிரெய்னி. ஸ்டெல்லா அவளுடைய அறைத்தோழி, அவளுக்கும் அதே கம்பெனிதான். நான் பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கையை விட்டுவிட்டாள் என்றால், எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மிஷினுக்குள் விட்டுவிட்டாள்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். சிந்துவின் போன் அணைந்து கிடந்தது. ஸ்டெல்லாவின் எண் என்னிடம் இல்லை. ஹாஸ்டல் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சிந்துவின் அப்பா இறந்ததிலிருந்து எந்தப் போனையும் மூன்றாவது மணிக்குள் எடுத்துப் பழகியவள் நான். எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கைக்குக் கிடைத்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு ரயிலேறினேன்.

ரயிலில் எதிரே இருந்த குடும்பம் சப்பாத்தி நீட்டியது. வாங்கிக் கையில் வைத்திருந்தேன். விடியும்போதும் அது கையில்தான் இருந்தது.

சென்னையில் இறங்கி, புறநகர் ரயில் நிற்கும் பக்கம் ஓடி, புறப்படத் தயாராக நின்ற வண்டியில் ஏறினேன். பலகையைப் படிக்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்ணிடம் கும்மிடிப்பூண்டி எப்போது வரும் என்று கேட்டபோது வண்டி ஆவடியைத் தாண்டியிருந்தது.

“கும்முடிபூண்டிக்கா? இன்னாம்மா நீ. அது வேற லைனு. இது அரக்கோணம் போறது.”

பக்கத்தில் நின்ற ஒருவர், “மேடம் தூங்கிக்கினே ஏறிட்டாங்க போல” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பொது இடத்தில் அழுததில்லை.

சிரிப்பு உடனே நின்றது. பூக்காரப் பெண் தன் கூடையைக் காலால் தள்ளிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “இன்னா விஷயம் சொல்லு. மூஞ்சே பேஜாரா கீது.” சொன்னேன். அவள் கேட்டாள். “எந்தக் கைன்னு சொன்னாங்களா?”

நான் அதைக் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி என் மனதில் வரவும் இல்லை. சிந்து வலது கைக்காரி.

அந்தப் பெண்ணுக்குத் திருப்பாச்சூர். என்னைத் திருவள்ளூரில் இறக்கி, தானும் இறங்கி, வேகமாக ஒரு கடைக்கு இழுத்துப்போனாள். “நாஷ்டா துண்ணுட்டுப் போ. ஆஸ்பத்திரில ரத்தம் கிரத்தம் பாத்தின்னா மயக்கம் போட்டு உய்ந்துருவ.” இட்லியின்மேல் கெட்டியாக, மசாலா வாசனையோடு ஏதோ ஒன்றை ஊற்றினார்கள். வடகறியாம். எங்கள் பக்கம் இட்லியைச் சட்னியோடு மரியாதையாக நடத்துவோம். இவர்கள் கறிக்கடைக்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு நான் சாப்பிட்டது அதுதான். இன்றைக்கும் அதன் ருசி நாக்கில் இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவள் என்னைப் பேருந்தில் ஏற்றி, கண்டக்டரிடம், “இத்த கும்முடிபூண்டில எறக்கி உடு நைனா, பொண்ணுக்கு அடிபட்டுக்கீது” என்று ஒப்படைத்தாள். நைனா என்றால் இந்தப் பக்கத்தில் அப்பா, ஐயா, தம்பி எல்லாம்தான் என்று கண்டக்டரே விளக்கினார். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் வந்த சொல்.

பேருந்து வயல்களுக்கு நடுவே போனது. பெரியபாளையத்தில் வேப்பிலையும் கையுமாகப் பெண்கள் ஏறினார்கள். ஆரணியில் வெண்டைக்காய் மூட்டைகள் ஏறின. எங்கள் ஊரில் இதே பெயரை உச்சரித்தால் பட்டுப் புடவை ஆரணியைத்தான் நினைப்பார்கள். இது ஆற்றங்கரையில் காய்கறி விற்கும் வேறு ஆரணி. ஸ்டெல்லாவின் ஊர் இதுதான் என்று சிந்து சொல்லியிருக்கிறாள். இறங்கி அவள் வீட்டைத் தேடலாமா என்று ஒரு கணம் எழுந்தேவிட்டேன். கண்டக்டர் உட்காரச் சொன்னார். இடது கையால் மட்டும் சிந்து என்னவெல்லாம் செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை பின்ன முடியாது. கையெழுத்துப் பழகிக்கொள்ளலாம்.

புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறியதும் லாரிகள். பிறகு புகைக்கூண்டுகள். கும்மிடிப்பூண்டியில் காற்றில் சுட்ட இரும்பின் வாசனை இருந்தது. ஆட்டோக்காரரிடம், “கையில அடிபட்ட புள்ளைங்களை எந்த ஆஸ்பத்திரிக்குங்க கொண்டுபோவாங்க?” என்று கேட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். “கை கேஸா? எந்தக் கம்பெனி? வெரலா, மணிக்கட்டா?”

“தெரியலைங்க.”

“வெரல்னா இங்கயே தெச்சு அனுப்பிச்சுருவாங்க. மணிக்கட்டுன்னா மெட்ராசு. எதுக்கும் மொதல்ல ரூமாண்ட போய்க் கேட்டுக்கலாம், ஏறும்மா.”

வெரலா, மணிக்கட்டா. அரிசி புழுங்கலா பச்சையா என்று கேட்கும் குரல். இந்த ஊரில் அதற்கென்று ஒரு கணக்கும் ஒரு வழியும் ஏற்கெனவே இருந்தன.

ஹாஸ்டல் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால், மூன்று மாடிக் கட்டடம். மேற்பார்க்கும் அம்மாள், “சிந்துவா? ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்குது” என்றார். நான் மாடிப்படியில் ஏறியது நினைவில்லை. அறையில் இரும்புக் கட்டிலில் சிந்து தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். போர்வையை இழுத்தேன். வலது கையைப் பிடித்தேன். இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. இடது கையை அவள் உடம்புக்கடியிலிருந்து உருவினேன். அதுவும் இருந்தது. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை, வேறொன்றுமில்லை.

சிந்து பாதித் தூக்கத்தில், “இன்னாம்மா?” என்றாள்.

எட்டே மாதத்தில் என் மகள் என்னை இன்னாம்மா என்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பல் துலக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயோ ஆன்ட்டி. மிஷின்ல இல்ல ஆன்ட்டி, பந்துல. மேட்ச்சுல கைய உட்டுட்டா. கடைசி ஷாட்டு. நாங்க ஜெயிச்சு ஃபைனலுக்குப் பூட்டோம். இவ அழுதுக்கினு கீறா, பேச முடியல, அத்தச் சொல்லத்தான் இவ போன்லேந்து அடிச்சேன். சார்ஜு பூட்ச்சு.”

அதன் பிறகு சிந்து ஷிப்டுக்குப் போய்விட்டாள். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது. அணைந்த போன் ராத்திரி முழுக்க லாக்கரில் கிடந்திருக்கிறது.

கூடைப்பந்தில் பந்தை எறிந்த கையை உடனே கீழே இறக்காமல், பந்து கூடையில் விழும்வரை அப்படியே மேலே விட்டுவைப்பதைத்தான் இங்கே ‘கைய உடறது’ என்கிறார்கள். நானும் சிந்துவின் பள்ளி ஆட்டங்களைப் பார்த்தவள்தான். அங்கெல்லாம் எறிந்ததும் “திரும்பி ஓடு, தடு” என்றுதான் கத்துவார்கள். இங்கே ஓடாதே என்கிறார்கள். கையை விடு, விழுந்ததா என்று பார், பிறகு அடுத்த பந்துக்குப் போ.

“அப்ப எதிர்ல இருக்கறவங்க வந்து போட்டுருவாங்களே?” என்றேன்.

“போட்டா உடு ஆன்ட்டி. நாம ரெண்டு போட்டுக்கலாம். நைனாவோட ஆட்டம் அப்டித்தான்.”

மறுபடி ஒரு நைனா. இந்த நைனா அவர்களுடைய கோச். போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். இன்று சாயங்காலம் நடக்கப்போகும் ஃபைனல் அவர் நினைவாகத்தான்.

மதியம் ஓர் ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டோம். பருப்புப் பொடி, நெய், கண்ணில் நீர் வரவழைக்கும் கோங்குரா என்ற புளிச்சக்கீரைத் துவையல். சுற்றிலும் இந்தி, ஒடியா, தெலுங்கு. பரிமாறிய பையன் மூன்று மொழியில் ரசம் வேண்டுமா என்று கேட்டான். ஸ்டெல்லா நைனாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். எல்லையோர ஊர்க்காரர். வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடும் ஒரு கிளப்புக்குக் கோச்சாக இருந்தவர். அங்கே எல்லா அணிகளும் தடுப்பதிலேயே குறியாக இருந்தபோது, தடுப்பதை மற, எறிந்துகொண்டே இரு என்று ஆடவிட்டவர். முதலில் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் அரங்கம் நிரம்பியிருக்கிறது, கோப்பையும் வந்திருக்கிறது. ஒரு வருஷம் தோற்றதும் முதலாளிகள் வெளியே அனுப்பிவிட்டார்கள். “அவரத் தொரத்திட்டு மத்த கிளப்புங்க எல்லாம் அவர மாதிரியே ஆட ஆரம்பிச்சுட்டாங்க ஆன்ட்டி. இப்ப டிவில பாக்கறீங்களே, அதெல்லாம் நைனா ஆட்டம்” என்றாள், ஏதோ தன் சொத்தை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி.

சிந்து அதிகம் பேசவில்லை. சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கை கிடைத்துவிட்டதால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மைதானம், மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனியின் பின்புறச் சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் கருவேலம், மறுபக்கம் ரயில் பாதை. நூறு நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் சீருடையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் சுண்டல் விற்றார். நைனாவின் படம் ஒரு நாற்காலியில் இருந்தது. வழுக்கைத் தலை, கழுத்தில் விசில், யாரையோ திட்டுவதற்கு முன் எடுத்த படம் போலிருந்தது. மாலை போடவில்லை. “மாலை போட்டா எய்ந்து வந்து திட்டுவாரு” என்றாள் ஸ்டெல்லா.

ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிப் பெண்களும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றார்கள். சிந்துவின் அணிக்குக் கேப்டன் தேவி. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அவள் குரல் கொடுத்தாள். “கைய காட்டு.”

இரண்டு கைகளையும் எல்லோரும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களும் தூக்கினார்கள். சுண்டல்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினார். அத்தனை கைகள். அதில் சில கைகளில் விரல்கள் குறைவாக இருந்தன. தேவி தூக்கிய வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்ததும் மட்டுமே இருந்தன. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் மகளைத் தேடினேன்.

சிந்து கைகளைத் தூக்கவில்லை. இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தேவி அவளைப் பார்த்தாள். சிந்து வரிசையை விட்டு நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ராத்திரி வந்த பயம் முழுசும் ஒரு நொடியில் திரும்பி வந்தது. ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்தேன். “எங்க வலிக்குது கண்ணு? என்னமோ மறைக்கிறே.”

“வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கை நல்லாத்தான் இருக்குது. உக்காரு.”

“அப்பறம் ஏன் தூக்கல?”

“நேத்து ராத்திரி என்னைய பிரஸ்ஸுல போட்டாங்க.”

பிரஸ் என்பது மேலிருந்து இறங்கித் தகட்டை அடித்து வடிவமாக்கும் இயந்திரம். ஆள் வராததால் தரம் பார்க்கும் பெண்ணை அதில் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கைகள் இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்க முடியாது, அவ்வளவுதான் அதன் சூத்திரம். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியும். சிந்துவின் பிரஸ்ஸில் ஒரு பட்டனை அழுத்தியபடியே கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்களாம். ஒரு கையால் தகட்டை உள்ளே வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தலாம். உருப்படி வேகமாக விழும்.

“நீ கேக்கலியா?”

“கேட்டேன். எல்லா மிஷினும் அப்டித்தான் ஓடுது, உனக்கு மட்டும் இன்னான்னாரு சூப்பர்வைசரு. ஓட்டுனேன்.”

கட்டிய பட்டனில் வேலை செய்தவர் அந்த வாரம் ஆடக்கூடாது. அது நைனா போட்ட விதி. யாரும் சோதிப்பதில்லை. கையைத் தூக்கினால் நான் கட்டாத மிஷினில் நின்றேன் என்று அர்த்தம். முதல்நாள் கடைசிப் பந்தை எறிந்து அணியை ஜெயிக்க வைத்தவள், ஃபைனலில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குள் ஆட்டம் தொடங்கி, நான் பார்த்த எந்தக் கூடைப்பந்து மாதிரியும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நைனாவின் பெண்கள் பந்து கைக்கு வந்ததும் எறிந்தார்கள். தூரத்திலிருந்து, ஓரத்திலிருந்து, முகத்துக்கு நேரே ஆள் நிற்கும்போதும். எதிரணி கூடை போட்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை. “உடு, உடு” என்று கூட்டமே சொன்னது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை தேவி “ஷிப்ட்டு” என்று கத்த, ஐந்து பேரும் ஒரேயடியாக வெளியே வந்து வேறு ஐந்து பேர் உள்ளே போனார்கள், கம்பெனியில் சங்கு ஊதி ஆள் மாறுவதுபோல.

அப்படி வெளியே வந்த ஒரு இடைவெளியில் தேவி எங்கள் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தாள். “எட்டு மணி நேரம் நின்னுட்டு வர காலு. அந்தக் காலை வெச்சுக்கினு பின்னாடி ஓடித் தடுக்க முடியுமா சொல்லு. கை மட்டுந்தான் மிச்சம், அத்த வெச்சு ஆடுங்கடின்னாரு நைனா.” பிறகு என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு, மறைக்காமல் கையை நீட்டினாள். “பாக்கணும்னா நல்லாப் பாரும்மா. கட்டுன பட்டன்தான். நைனா டீமுல சேந்து ரெண்டாவது மாசம். அதுக்கப்பறந்தான் இந்தக் கைகாட்டற ரூலு. அவரு என்னான்னு நெனச்சாருன்னா, வேகமா போடு வேகமா போடுன்னு நாமதான் இந்தப் பொண்ண ஏத்தி உட்டோம்னு. நா சொன்னேன், ஓட்டச் சொன்னது நீ இல்ல நைனான்னு. கேக்கல அவரு.”

“வீட்டுல என்ன சொன்னாங்க?”

“எங்கப்பா உன்ன மாதிரியேதான் ஓடியாந்தாரு. ஊட்டுக்கு இட்டுக்கினு பூட்டாரு. ரெண்டு வருசம் வாசலத் தாண்ட உடல. பாத்துக்கினாரு நல்லாதான், இல்லன்னு சொல்லல. நைனா வந்து எடது கையால எறிய வைக்கறேன்னு சண்ட போட்டு இட்டாந்தாரு.” பாட்டிலை மூடிவிட்டுச் சிந்துவைப் பார்த்துச் சொன்னாள். “இவ தூக்கியிருந்தா எவளுக்கும் தெரியாது. லூசு.” அது திட்டா பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் ஷிப்ட் மாறிவிட்டது.

தோற்றார்கள். வித்தியாசம் ஒரு கூடை. சிந்து இருந்திருந்தால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். “காலைல ரூம காலி பண்ணு கண்ணு. எங்கூட வந்துரு. எனக்கு இந்த வேலை வேண்டாம், உங்கையி இருந்தாப் போதும்.”

“நான் வந்துட்டா அந்த பிரஸ்ஸுல யாரை நிறுத்துவாங்க?”

“அது நம்ம கவலையில்ல.”

“ஸ்டெல்லாவைம்மா. லிஸ்ட்ல அடுத்தது அவதான்.”

ஸ்டெல்லா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் உலகத்துக்கே கேட்கும்படி கத்திய பெண், இப்போது ஆட்டோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு மொத ஷிப்ட்டு” என்றாள் சிந்து. “ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நின்னு மீட்டிங் போடுவாங்க. எல்லாரும் இருப்பாங்க. அங்க வெச்சு, கம்பிய அவுத்தாத்தான் ஓட்டுவேன்னு சொல்லப்போறேன். அவங்க என்னமாச்சும் செய்யட்டும்னு பாத்துக்கினு இருந்தா ஆவாது. நாமதான் மொதல்ல போடணும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது எனக்குள் ஓடியதை எழுதித்தான் ஆக வேண்டும். இவள் போய்ப் பேசட்டும், இவளை வேலையை விட்டு நீக்கட்டும், நாளை இதே நேரம் இவள் என்னோடு பொள்ளாச்சி ரயிலில் இருப்பாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அதனால் தடுக்கவில்லை. அவள் அதைத் தைரியம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் காலை இருவரும் கம்பெனிக்குள் போனதும், எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பீகார்க்காரர். “அம்மா, பொண்ணு உள்ள?” என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டார். கண்ணாடி அலமாரியில் சமோசாவும் நம் பருப்பு வடையும் ஒரே தட்டில் இருந்தன. சுவருக்குள்ளிருந்து பிரஸ்கள் அடிக்கும் சத்தம் தரை வழியாக பெஞ்சுக்கு வந்தது. ஒவ்வோர் அடிக்கும் டம்ளரில் டீ நடுங்கியது. எது அவளுடைய பிரஸ் என்று எப்படித் தெரியும்? எல்லா அடியும் அவளுடையதாகவே விழுந்தது.

டம்ளரில் ஆடை படியத் தொடங்கியிருந்தது. இரண்டு வடக்கத்திப் பையன்கள் உள்ளேயிருந்து சாமான் தள்ளுவண்டியோடு வந்து, பீடி பற்றவைத்துக்கொண்டு இந்தியில் பேசினார்கள். சின்ன வயதில் பரீட்சைக்குப் படித்த இந்தி எனக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

“ஏழாம் நம்பர் நின்னுபோச்சு, தெரியுமா?” என்றான் ஒருவன்.

“யார் கை?” என்றான் மற்றவன்.

நான் எழுந்துவிட்டேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“கை எதுவுமில்லை. ஒரு பொண்ணு நிறுத்திட்டா.”

“பைத்தியமா?”

“தெரியல. பக்கத்து மிஷின்லயும் ஒருத்தி பட்டனை விட்டுட்டுக் கையைத் தலைக்குமேல தூக்கிக்கிட்டு நின்னுட்டா.”

அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். சுவருக்குள் அடி சத்தம் நின்றிருந்தது. நான் உட்காரவில்லை. பெரிய கேட்டின் பக்கத்திலிருந்த சின்னக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அது திறந்தது. சிந்து தனியாக வந்தாள். தலையில் தொப்பி இல்லை, கழுத்தில் அடையாள அட்டையும் இல்லை. சாலையைக் கடந்து வரும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

“மிஷின நிறுத்திட்டாங்கம்மா” என்றாள். பிறகு, “என்னையும்” என்றாள்.

“ஸ்டெல்லா?”

“உள்ளதான் இருக்கா. பக்கத்து மிஷின்ல கையத் தூக்கினது அவதான். ஆபீஸ் ரூம்ல நிக்க வெச்சிருக்காங்க. கம்பிய அவுக்கறோம், அவுக்கறோம்னு சொல்றாங்க, இன்னும் அவுக்கல. என்னைய மட்டும் கார்டப் புடுங்கிக்கினு போன்னுட்டாங்க.” திரும்பி அந்தச் சின்னக் கதவைப் பார்த்தாள். “போலாம்மா. நீ கேட்ட மாதிரியே ஆயிருச்சு. ஊருக்கே போயிரலாம்.”

நான் கேட்டது அப்படியே கையில் வந்து விழுந்திருந்தது. இரண்டு கையும் முழுசாக, என் மகள் என் எதிரே நின்று ஊருக்குப் போகலாம் என்கிறாள். ரயில் நிலையம் ஆட்டோவில் பக்கம்தான். சுவருக்குள் அடி சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. டம்ளரில் டீ நடுங்கியது.

“பையைப் பிடி” என்று அவளிடம் கொடுத்தேன்.

“எங்கம்மா போறே? அம்மா, வேண்டாம்.”

சாலையைக் கடந்தேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்கே இரண்டு முறை யோசித்துவிட்டுப் போகிறவள் நான். கதவருகே நின்ற செக்யூரிட்டிக்கு என் வயதிருக்கும். எரிச்சல் இல்லாமல்தான் கேட்டார்.

“இன்னாம்மா, இன்னா வோணும்?”

“உள்ளே பெரியவங்க யாரு இருக்காங்களோ அவங்களைப் பார்க்கணுங்க.”

“எதுக்கு?”

“ஏழாம் நம்பர் மிஷினைப் பத்தி.”

“நீ யாரு அதுக்கு? இந்தப் பொண்ணோட அம்மாவா?”

“அந்த மிஷின்ல இப்ப எந்தப் புள்ளை நிக்குதோ, அதோட அம்மாங்க” என்றேன். அவர் என்னையும், எனக்குப் பின்னால் பையோடு ஓடிவந்து நின்ற சிந்துவையும் பார்த்தார். பிறகு கதவைத் திறக்காமல், மூடவும் செய்யாமல், போனை எடுத்தார். நான் கதவின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.